செஷன் 9: பேய் ஆஸ்பத்திரியும் எண் போட்ட கல்லறைகளும்

ஆஸ்பத்திரியை வைத்து எடுத்த பேய்ப் படங்களில் உனக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் 'செஷன் 9' என்பேன். 2001-ல் வந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் பிராட் ஆண்டர்சன். தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. டிவிடியில் பார்த்து, ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, மெதுவாக ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்த படம் இது.

கதை ரொம்ப எளிமையானது. பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு மனநல ஆஸ்பத்திரி. அதில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸை அகற்ற ஐந்து பேர் வருகிறார்கள். கார்டன் என்பவர் முதலாளி. வீட்டில் கைக்குழந்தை, கையில் காசு இல்லை. ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று, ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொள்கிறார். முடியாத வேலை அது. வேலையாட்களில் மைக் என்றொருவன் பழைய டேப்புகள் அடங்கிய பெட்டியைக் கண்டெடுக்கிறான். மேரி ஹாப்ஸ் என்ற நோயாளியோடு ஒரு டாக்டர் நடத்திய ஒன்பது அமர்வுகள் அதில் பதிவாகி இருக்கின்றன. அவளுக்குள்ளிருந்து வெவ்வேறு குரல்கள் பேசுகின்றன. மைக் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு டேப்பாகக் கேட்கிறான். ஒன்பதாவது டேப் ஓடும்போது வெளியே எல்லாம் கைமீறிப் போயிருக்கும். பேய் உண்மையா, இல்லை ஒரு மனிதனின் மனசு உடைந்ததா என்று படம் கடைசிவரை பிடிகொடுக்காது.

பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நடிகர்களைவிடக் கட்டடத்திலிருந்துதான் அதிகம் வருகிறது. செட் போடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டனுக்கு வடக்கே டான்வர்ஸ் என்ற ஊரில் நிஜமாகவே மூடிக் கிடந்த அரசு மனநல ஆஸ்பத்திரிக்குள் போய் எடுத்தார்கள். உரிந்து தொங்கும் பெயின்ட், துருப்பிடித்த சக்கர நாற்காலி, முடிவில்லாமல் போகும் சுரங்க வழி எல்லாம் அங்கேயே இருந்தவை. 24 பிரேம் எச்.டி. டிஜிட்டல் வீடியோவில் எடுக்கப்பட்ட ஆரம்பகாலப் படங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கொஞ்சம் வறண்ட, செய்திப்பட மாதிரியான தோற்றம் கட்டடத்துக்கு இன்னும் பொருந்திப் போனது.

படம் பார்த்து முடித்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றித் தேடினேன். தேடினால், எந்தப் பக்கம் போனாலும் ஒரே வரி: 'லோபாட்டமி பிறந்த இடம் இதுதான்.' மண்டையைத் துளைத்து மூளையின் முன்பகுதி நரம்பு இணைப்புகளை வெட்டிவிடும் அந்த அறுவை சிகிச்சையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் காப்பி அடித்திருப்பார் போல, வாக்கியம்கூட மாறவில்லை. எதையாவது எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பழைய கோடில் பிழை தேடிய பழக்கம்.

அந்த வரி தவறு. லோபாட்டமியின் பிறப்பு நன்றாகவே பதிவாகி இருக்கிறது. 1935 நவம்பரில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில், ஏகாஸ் மோனிஸ் என்ற நரம்பியல் மருத்துவர் திட்டமிட, அல்மெய்டா லிமா என்ற அறுவை மருத்துவர் முதல் அறுவையைச் செய்தார். மோனிஸின் கைகள் வாத நோயால் முடங்கி இருந்தன, அதனால் கத்தியைப் பிடித்தது வேறொருவர். அடுத்த வருஷமே, 1936 செப்டம்பரில், வாஷிங்டனில் வால்டர் ஃப்ரீமனும் ஜேம்ஸ் வாட்ஸும் அமெரிக்காவின் முதல் அறுவையைச் செய்தார்கள். பத்து வருஷம் கழித்து 1946-ல், கண்குழி வழியாக ஐஸ் உடைக்கும் ஊசி மாதிரி ஒரு கருவியைச் செலுத்தும் குறுக்கு வழியை ஃப்ரீமன் ஆரம்பித்ததும் வாஷிங்டனில்தான். டான்வர்ஸுக்கு இந்தப் 'பெருமை' எந்தக் கணக்கிலும் வராது. 1949-ல் மோனிஸுக்கு இதற்காக நோபல் பரிசு கொடுத்தார்கள். பேய்க்கதையைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அப்படியானால் டான்வர்ஸ் மேல் மட்டும் ஏன் இவ்வளவு கதை ஒட்டிக்கொண்டது?

இடம் ஒரு காரணம். டான்வர்ஸ் என்பது புதுப் பெயர்தான். பழைய பெயர் சேலம் கிராமம். நம்ம சேலம் இல்லை. 1692-ல் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கில் போட்டார்களே, அந்த வெறி ஆரம்பித்த ஊர். ஆஸ்பத்திரி நின்ற குன்றின் பெயர் ஹாத்தோர்ன் குன்று. சூனிய வழக்கு விசாரணைகளில் கடுமைக்குப் பெயர் போன நீதிபதி ஜான் ஹாத்தோர்னின் குடும்பப் பெயர் அது. அவர் வழியில் வந்த நாவலாசிரியர் நத்தானியல் ஹாத்தார்ன் தன் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தாத்தாவிடமிருந்து தள்ளி நிற்கத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. இப்படி ஒரு குன்றின் உச்சியில், கூரான கூரைகளோடு சிவப்புச் செங்கல் ஆஸ்பத்திரி. சும்மா இருப்பார்களா எழுத்தாளர்கள்? எச்.பி. லவ்கிராஃப்ட் தன் திகில் கதைகள் இரண்டில் டான்வர்ஸைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். அவர் உருவாக்கிய ஆர்க்கம் என்ற கற்பனை ஊரின் மனநல விடுதிக்கும் இதுவே மாதிரி என்பார்கள். அந்த ஆர்க்கம் பெயரைத்தான் பிற்பாடு பேட்மேன் காமிக்ஸ் எடுத்துக்கொண்டது. 1974-ல் முதன்முதலில் வந்த ஆர்க்கம் ஆஸ்பத்திரி, ஜோக்கரை அடைத்து வைக்கும் இடமாக இன்று உலகம் முழுக்கத் தெரியும்.

ஆக, கேமராவோடு ஆண்டர்சன் உள்ளே நுழைந்தபோது அந்தக் கட்டடம் பல வருஷமாகப் பேய் வேஷம் போட்டுப் பழகியிருந்தது.

ஆனால் அதைக் கட்டியவர்கள் நினைத்தது இதற்கு நேர் எதிர். இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் சுவாரசியமாக ஆரம்பித்தது.

1841-ல் டோரதியா டிக்ஸ் என்ற பள்ளி ஆசிரியை, டான்வர்ஸுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் கிழக்கு கேம்பிரிட்ஜ் சிறைக்கு, பெண் கைதிகளுக்கு ஞாயிறு பாடம் நடத்தப் போனார். அங்கே மனநோயாளிகளைக் குற்றவாளிகளோடு சேர்த்து, குளிர்காலத்தில் கணப்பு இல்லாத அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அதன்பிறகு அவர் மாநிலம் முழுக்கச் சுற்றினார். சிறைகள், ஏழை விடுதிகள், தனியார் வீட்டுக் கொட்டகைகள். சங்கிலியால் கட்டப்பட்டவர்களையும் கூண்டில் இருந்தவர்களையும் ஊர் ஊராகக் குறித்துக்கொண்டு, 1843-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திடம் ஓர் அறிக்கையாகக் கொடுத்தார். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக அரசு மனநல ஆஸ்பத்திரிகள் எழுந்ததில் இந்த அம்மாவின் பங்கு பெரியது.

ஆஸ்பத்திரி கட்டலாம், சரி, எப்படிக் கட்டுவது? அதற்குப் பதில் வைத்திருந்தவர் தாமஸ் கிர்க்பிரைட். ஃபிலடெல்ஃபியாவில் 1841-ல் திறந்த மனநல ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். மனநோயை அன்பான சூழலாலேயே குணப்படுத்தலாம் என்று நம்பியவர். அவரைப் பொறுத்தவரை கட்டடமே மருந்து. 1854-ல் மனநல ஆஸ்பத்திரி கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். ஜன்னல் அளவு, குழாய், சமையலறை, காற்றுப் போக்கு என்று ஒன்றையும் விடவில்லை. இன்ஜினியரிங் படித்த எவனுக்கும் அந்த ஆள் மேல் ஒரு பிரியம் வந்துவிடும்.

படத்தின் ஆரம்பத்தில் மேலிருந்து பார்க்கும் காட்சியில் டான்வர்ஸ் கட்டடம் ஒரு ராட்சத வௌவால் சிறகு விரித்த மாதிரித் தெரியும். பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். அந்த வௌவால்தான் கிர்க்பிரைடின் வைத்தியம். நடுவில் நிர்வாகக் கட்டடம். இரு பக்கமும் சிறகுகள், ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். நேர்கோட்டில் நீட்டாமல், ஒவ்வொரு சிறகும் முந்தையதைவிடக் கொஞ்சம் பின்தள்ளி நிற்கும், படிக்கட்டு மாதிரி. இப்படிச் செய்தால் ஒவ்வொரு வார்டுக்கும் முனையில் ஜன்னல் கிடைக்கும், எல்லா அறைக்கும் வெயிலும் காற்றும் வரும், ஜன்னலைத் திறந்தால் தோட்டம் தெரியும். அமைதியான நோயாளிகள் நடுப்பகுதிக்கு அருகே. சத்தம் போடுபவர்கள், ஆவேசப்படுபவர்கள் கடைசிச் சிறகில். குணமாக ஆகக் கடைசியிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வந்து, நடுவில் இருக்கும் முன்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட வேண்டும். குன்றின் மேல் கட்டியதும் பயமுறுத்த இல்லை, நோயாளி கண்ணைத் திறந்தால் நல்ல காட்சி தெரிய வேண்டும் என்றுதான்.

கிர்க்பிரைட் இதை வெறும் காகிதத்தில் நம்பியவர் இல்லை. 1849-ல் ஒரு முன்னாள் நோயாளி அவரைத் துப்பாக்கியால் சுட்டார். பிழைத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரியில் வேலையைத் தொடர்ந்தார். 1866-ல், முதல் மனைவி இறந்தபின், தன்னிடம் சிகிச்சை பெற்றுக் குணமான ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மனநோய் தீரும் என்பதற்கு ஒரு டாக்டர் இதைவிட என்ன கியாரண்டி கொடுக்க முடியும்?

அவர் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் 250 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தலைமை மருத்துவருக்கு ஒவ்வொரு நோயாளியையும் பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் முடியாது என்பது கணக்கு.

முதலில் உடைந்தது அந்த விதிதான். 1866-ல் மனநல ஆஸ்பத்திரித் தலைவர்களின் சங்கமே, 600 வரை போகலாம் என்று தீர்மானம் போட்டது. டான்வர்ஸ் 1874-ல் ஆரம்பித்து 1878-ல் திறக்கப்பட்டபோது சுமார் 500 பேருக்கு என்று திட்டமிட்டிருந்தார்கள். நத்தானியல் பிராட்லி என்ற பாஸ்டன் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு, பக்கத்துக்கு நான்கு சிறகு. செலவு சுமார் 15 லட்சம் டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பைத்தியங்களுக்கு அரண்மனையா என்று முணுமுணுப்பு எழும் அளவுக்கு.

ஆரம்ப வருஷங்கள் மோசமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே 1889-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார்கள். கொஞ்ச வருஷத்தில் நோய்க்கூறு ஆய்வகமும் வந்தது. தோட்டம், பண்ணை, நோயாளிகளுக்குக் கைவேலை எல்லாம் இருந்தன. பேய்க்கதை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பவே மாட்டார்கள்.

அப்புறம் கூட்டம் வந்தது. 1939-ல் டான்வர்ஸில் ஒரு நாளைக்கு இருந்த நோயாளிகள் எண்ணிக்கை 2,300-ஐத் தாண்டிவிட்டது. நடுவே கூடுதல் கட்டடங்கள் கட்டினார்கள்தான், போதவில்லை. சராசரியாக 500 பேருக்கு டிசைன் செய்த சிஸ்டத்தில் நாலு மடங்குக்கு மேல் லோடு ஏற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்கத் தேவையில்லை. சர்வராவது நின்றுவிடும். ஆஸ்பத்திரி நிற்காது. உள்ளே இருப்பவர்களை ஏதாவது ஒரு வழியில் ஓட்டிக்கொண்டேதான் இருக்கும். அதுதான் கொடுமை.

இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்? 'அமெரிக்காவில் திடீரென்று பைத்தியம் கூடிவிட்டது' என்பது பதில் இல்லை. பெரிய காரணம், காசு. அதுவரை வயதாகி நினைவு தப்பியவர்களை ஊர்கள் தங்கள் செலவில் ஏழை விடுதியில் வைத்துப் பார்த்துக்கொண்டன. மனநோயாளிகளின் செலவு முழுவதையும் மாநில அரசே ஏற்கும் என்று 1890-ல் நியூயார்க் சட்டம் போட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸும் அதே வழிக்கு வந்தது. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? வயசானவர்களுக்குப் 'மனநோயாளி' என்று சீட்டு எழுதி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். பில்லை மேலிடத்துக்குத் தள்ளிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே. இன்னொரு கூட்டம், சிஃபிலிஸ் முற்றி மூளையைத் தாக்கியவர்கள். பெனிசிலின் வரும்வரை அவர்களுக்குச் சரியான மருந்து இல்லை. ஆக, இந்த இரண்டு கூட்டத்தாரும் கிர்க்பிரைட் நினைத்த மாதிரி நடுவை நோக்கி நகர்ந்து முன்வாசல் வழியாகப் போகிறவர்கள் இல்லை. உள்ளே வந்தால் பெரும்பாலும் அங்கேயே சாகிறவர்கள்.

லோபாட்டமியைப் புரிந்துகொள்ளவும் இந்தக் கணக்கு வேண்டும். சினிமாவில் ஒரு பைத்தியக்கார டாக்டர் இருட்டு அறையில் சிரித்துக்கொண்டே செய்வார். நிஜத்தில் அதைச் செய்தவர்கள் மரியாதைக்குரிய மருத்துவர்கள், பகலில், கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்தார்கள். வார்டில் படுக்கைக்கும் படுக்கைக்கும் நடுவே நடக்க இடமில்லாத போது, ஒரு நோயாளியை அமைதியாக்கி வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று யார் சொன்னாலும் அது வைத்தியமாகத்தான் தெரிந்திருக்கும். டான்வர்ஸிலும் லோபாட்டமியும் மின் அதிர்ச்சியும் நடந்தன, அந்தக் காலத்தில் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நடந்த மாதிரியே. 'பிறந்த இடம்' என்று ஓர் ஊர்மேல் பழியைப் போட்டுவிட்டால், மற்ற ஊர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்கின்றன. எனக்கு அந்த வரி மேல் கோபம் அதனால்தான்.

வெளியே இருந்தவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாதா என்றால், தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் பலரை அரசு மனநல ஆஸ்பத்திரிகளில் உதவியாளர் வேலைக்குப் போட்டார்கள். அவர்கள் பார்த்ததை வைத்து 1946 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் புகைப்படங்களோடு பெரிய கட்டுரை வந்தது. நாடு அதிர்ந்தது, பிறகு மறந்தது.

இந்த இடத்தில் வேறொரு படத்தைச் சொல்லியாக வேண்டும். அதே மாசசூசெட்ஸ், வேறொரு ஊர், பிரிட்ஜ்வாட்டர். குற்ற வழக்கில் சிக்கிய மனநோயாளிகளை வைத்திருந்த அரசு ஆஸ்பத்திரி. 1966-ல் ஃபிரெடரிக் வைஸ்மன் என்பவர் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போய், 'டிட்டிகட் ஃபாலிஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பேயும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. நிர்வாணமாக நிறுத்தப்பட்ட மனிதர்கள். சாப்பிட மறுத்த ஒருவருக்கு மூக்கு வழியாகக் குழாயைச் செருகி, டாக்டர் உணவு ஊற்றுகிறார். அவர் வாயில் சிகரெட், அதன் சாம்பல் புனலுக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதே மனிதரின் பிணத்துக்குச் சவரம் செய்வதை இடையிடையே வெட்டிக் காட்டுகிறார் வைஸ்மன்.

1967-ல் படம் வெளிவந்தது. மாநில அரசு நீதிமன்றத்துக்குப் போனது. நோயாளிகளின் அந்தரங்கம் பாதிக்கப்படுகிறது என்று வாதம். நீதிபதி பிரதிகளையே அழிக்கச் சொன்னார். மேல்முறையீட்டில், டாக்டர்கள், வக்கீல்கள், மாணவர்கள் மாதிரி துறை சார்ந்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று தளர்த்தினார்கள். பொதுமக்கள் பார்க்க 1991 வரை தடை இருந்தது. அந்தரங்கம் என்ற வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். அந்த மனிதர்களில் பலர் சம்மதம் சொல்லும் நிலையிலேயே இல்லை, முகமும் உடம்பும் அப்படியே திரையில் தெரிகின்றன. ஆனால் வழக்குப் போட்டது நோயாளிகள் இல்லை, அவர்களை அப்படி நிறுத்தி வைத்த அரசு. நிஜத்தைக் காட்டிய படம் 24 வருஷம் பூட்டிக் கிடந்தது, தடை நீங்கிப் பத்து வருஷத்தில் அதே மாநிலத்தின் இன்னொரு ஆஸ்பத்திரி பேய்ப் படத்துக்கு லொகேஷன் ஆகிவிட்டது. இதற்காக ஆண்டர்சனைக் குறை சொல்ல முடியாது. பேய்க்கு அந்தரங்கம் கிடையாது, யாரும் வழக்குப் போடமாட்டார்கள், அவ்வளவுதான்.

காலியான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954-ல் குளோர்புரோமசின் என்ற மருந்து அமெரிக்காவுக்கு வந்தது. 1955-ல் நாடு முழுக்க அரசு மனநல ஆஸ்பத்திரிகளில் சுமார் 5,59,000 பேர் இருந்தார்கள். அதுதான் உச்சம், அதன்பின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. 1963-ல் ஜனாதிபதி கென்னடி, பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பதிலாக ஊர்தோறும் மனநல மையங்கள் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவருடைய தங்கை ரோஸ்மேரிக்கு 1941-ல், 23 வயதில், அதே ஃப்ரீமனும் வாட்ஸும்தான் லோபாட்டமி செய்தார்கள். அதன்பின் அந்தப் பெண்ணால் சரியாக நடக்கவோ பேசவோ முடியவில்லை. சட்டம் வந்தது, திட்டமிட்ட மையங்களில் பாதிகூட வரவில்லை. ஆஸ்பத்திரிகள் மட்டும் காலியாகின. டான்வர்ஸில் வார்டு வார்டாகப் பூட்டிக்கொண்டே வந்து, 1992 ஜூனில் மொத்தமாக மூடினார்கள்.

ஒன்பது வருஷம் கழித்துப் படம். உள்ளே பல பகுதிகள் நடமாட முடியாத அளவுக்குச் சிதைந்திருந்ததால் சின்ன பகுதிக்குள்ளேயே படப்பிடிப்பை முடித்தார்கள். படம் பேசும் ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் கற்பனை இல்லை. இருபதாம் நூற்றாண்டில் கொதிகலன் குழாய்களையும் சுரங்கக் குழாய்களையும் அதைத்தான் சுற்றி வைத்தார்கள். அதன் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்து, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று கார்டன் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அதனால்தான். பேய் இல்லாவிட்டாலும் அந்த ஐந்து பேரும் ஆபத்தில்தான் இருந்தார்கள்.

2005 கடைசியில் அரசு நிலத்தை விற்றது. கட்டடம் 1984-லிருந்து தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள், பலன் இல்லை. 2006 ஜனவரியில் இடிப்பு தொடங்கியது. நடுக் கட்டடத்தின் வெளிச்சுவரையும் அதை ஒட்டிய இரு சிறகுகளின் வெளிச்சுவரையும் மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளே புதிதாக அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். 2007 ஏப்ரலில், கட்டிக்கொண்டிருந்த கட்டடங்களில் பெரிய தீவிபத்து. பாஸ்டனிலிருந்தே தெரிந்ததாம். பேய்க் கதை விரும்பிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன்பின் திரும்பக் கட்டி, மக்கள் குடிவந்து, இப்போது அங்கே நீச்சல் குளமெல்லாம் இருக்கிறது.

அந்த நிலத்தில் கல்லறைத் தோட்டமும் உண்டு.

யாரும் வாங்கிப் போகாத உடல்களை ஆஸ்பத்திரி தன் நிலத்திலேயே புதைத்தது. சுமார் 770 பேர். கல்லறைக்கு அடையாளமாகத் தரையோடு பதித்த சின்ன வட்டக் குறிகள். அவற்றில் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் எண். கிர்க்பிரைட் 250 என்று வரம்பு வைத்தது ஒவ்வொருவரின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக என்று சொன்னேன் இல்லையா.

படத்திலும் மேரி ஹாப்ஸுக்கு ஓர் எண் உண்டு, 444. படம் பார்க்கும்போது அதைத் திகிலுக்காகப் போட்ட எண் என்றுதான் நினைத்தேன்.

1990-களின் பிற்பகுதியில், படம் வருவதற்கு முன்பே, புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறைகளைத் தேடிப் போனவர்கள் பேய் பார்க்கப் போனவர்கள் இல்லை. முன்னாள் மனநோயாளிகள். அவர்களில் முக்கியமானவர் பாட் டீகன். பதின்ம வயதில் ஸ்கிட்சோஃப்ரினியா என்று சொல்லப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். பிறகு உளவியலில் முனைவர் பட்டம் வாங்கி, நோயாளிகளின் உரிமைக்காகப் பேசுகிறவர். ஒரு குழு அமைத்துப் புதரை வெட்டினார்கள், பழைய பதிவுகளைத் தோண்டி எந்த எண் யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். பிழைத்திருத்தம் மாதிரி அலுப்பான வேலை. ஒரு தவறான தேதி, எழுத்து மாறிய ஒரு பெயர் என்று நாள்கணக்கில் இழுக்கும். தோட்டத்தின் முகப்பில் இப்போது ஒரு கல் இருக்கிறது. 'அவர்கள் விட்டுச் சென்ற எதிரொலிகள்' என்ற பொருளில் ஆங்கில வாசகம். உள்ளே பெயர் தாங்கிய கற்கள்.

டான்வர்ஸ் மட்டும் இப்படி இல்லை. ஓரிகன் மாநில ஆஸ்பத்திரி பலருக்குத் தெரிந்திருக்கும், ஜாக் நிக்கல்சன் நடித்த 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' 1975-ல் அங்கேதான் எடுக்கப்பட்டது. 2004-ல் அங்கே ஒரு கிடங்கைத் திறந்து பார்த்தால், செம்பு டப்பாக்களில் 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் அஸ்தி. டப்பா மேல் எண். அந்தரங்கச் சட்டத்தைக் காட்டிப் பெயரை வெளியிடத் தயங்கினார்கள். 2007-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து, பின்னர் பெயர்ப் பட்டியலை இணையத்தில் போட்டார்கள். அதைப் பார்த்துப் பேரன் பேத்திகள் வந்து டப்பாக்களை வாங்கிப் போனார்கள், இன்னும் போகிறார்கள்.

நம்ம ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரே வடிவேலு காலத்துக்கு முன்பிருந்தே கிண்டல் வார்த்தை. நானும் ஸ்கூலில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரைக்காக டான்வர்ஸ் கல்லறைப் படங்களை ஒரு ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தபோது அது ஞாபகத்துக்கு வந்தது.

போன வாரம் 'செஷன் 9'ஐ மறுபடி பார்த்தேன். இன்னமும் நல்ல படம்தான், இருட்டுக்குப் பயப்படும் அந்தப் பையன் ஜெஃப் சுரங்கத்தில் ஓடும்போது விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும் காட்சி இன்னமும் பதற வைக்கிறது. ஆனால் இந்தத் தடவை டேப் பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்ததும் ரிமோட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன்.